காட்டுப் பாதையை ஆர் வெட்டினது?

எங்களில் ஒருவரும் பனிமலையை நேரில் கண்டதில்லை. ஸ்கீ எண்டால் பணக்காரரின் விளையாட்டு எண்டுதான் நினைச்சிருந்தம். ஒரு பாதையின் கதை அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைச்சுது.

அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் ஆக உயர்ந்த மலை மான்ஸ்ஃபீல்ட். அதன் காட்டுச் சரிவொன்றில் இறங்குவது புரூஸ் பாதை. மேற்பகுதி செங்குத்து, கீழ்ப்பகுதி சாய்வு குறைவு. ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காத பட்டியை ஒட்டிக்கொண்டு, அடிவாரத்திலிருந்து மரங்களுக்கிடையே மெல்ல ஏறலாம். களைத்த இடத்தில் பட்டியைக் கழற்றிவிட்டுச் சறுக்கித் திரும்பலாம். லிஃப்டும் வேண்டாம், சனநெரிசலும் இல்லை.

இந்தப் பாதை 1933இல் வெட்டப்பட்டது. அது பெருமந்தக் காலம். வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு அந்த ஆண்டுதான் ‘சிவிலியன் இயற்கைப் பாதுகாப்புப் படை’யைத் தொடங்கியிருந்தது. தொடக்கத்தில் சேர்க்கப்பட்டவர்கள் 18 முதல் 25 வயது வரையான, கலியாணம் கட்டாத பெடியள். மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் நேரே வீட்டுக்குப் போகும். 1942 வரை ஏறக்குறைய 30 இலட்சம் பேர் இதில் வேலை செய்தார்கள். மரம் நட்டார்கள், தீயணைத்தார்கள், பூங்காக்கள் அமைத்தார்கள். புரூஸ் பாதையும் அவர்களின் கைவேலைதான்.

இதை அப்படியே புகழவும் ஏலாது. படையில் பெண்களுக்கு இடமில்லை. கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாம்களில் பிரித்தே வைத்தார்கள்.

இண்டைக்கு அந்தக் காட்டில் அமைதியாக ஏறுபவரின் காலுக்குக் கீழே, கையில் ஐந்து டொலர் மிஞ்சின எங்கட வயசுப் பெடியளின் உழைப்புக் கிடக்கு. அந்தப் பாதையின் வரலாற்றை எழுதுறதெண்டால், வெட்டினவரையும் வெளியில விடப்பட்டவரையும் சேர்த்துத்தான் எழுதவேணும்.