கிராணி வீட்டு கிராமபோன் முதல் இரண்டரை லட்சம் ரிங்கிட் கருவி வரை

பாட்டுக் கேட்பது ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. பிறகு அது தோட்டத்து லயத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்று உயர்ரக ஒலிக்கருவிகளைப் பொறுத்தவரை மீண்டும் எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விலை ஏறுகிறது, கருவியோ பெரிதாக மாறுவதில்லை. இது ஏமாற்று வேலையா, காலத்தின் கட்டாயமா? விடை தேட வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சாவி கொடுத்த காலம்

பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கும் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரம் ரப்பரும் தென்னையும் வளர்த்த பூமி. பக்கத்து ஜெண்டராட்டாவில் 1906-இல் ரப்பர் நிறுவனம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகளின் பின்னாலும் வந்தவர்கள் இந்தத் தோட்டங்களில் உழைத்தார்கள். அதே காலகட்டத்தில்தான் இந்திய இசையும் தட்டில் ஏறியது. 1902-இல் கல்கத்தாவில் முதல் ஒலிப்பதிவுகள் நடந்தன. பதிவு இந்தியாவில் என்றாலும் தட்டு அச்சானது ஜெர்மனியில். 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது.

ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். சாவி கொடுக்க வேண்டும், ஊசி மாற்ற வேண்டும். பால் வெட்டிப் பிழைத்த குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாத பண்டம். கிராணி வீட்டிலோ பட்டணத்துக் கடையிலோ பெட்டி பாடினால் வாசலில் நின்று கேட்பதோடு சரி.

வானொலி வந்தது

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-45) வெளிநாட்டு வானொலியைக் கேட்பதே குற்றம். போர் முடிந்து 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தொடங்கியது. அதில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. 1948-இல் பிறந்த அவசரகாலத்தின்போது, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரத்துக்காக அரசாங்கமே புதுக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும், காசு கொடுக்காமல் தமிழ்ப் பாட்டுக் கேட்கும் வாய்ப்பு தோட்டத்து மக்களுக்குக் கிடைத்தது.

சொந்தப் பெட்டி வாங்குவதில் இன்னொரு சிக்கல் இருந்தது. வால்வு வானொலிக்கு மின்சாரம் அதிகம் தேவை. லயத்திலோ நாள் முழுக்க மின்சாரம் கிடையாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது டிரான்சிஸ்டர். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தச் சின்னஞ்சிறு பொருள், 1954-இல் ரீஜென்சி என்ற கையடக்க வானொலியாகக் கடைக்கு வந்தது. விலை 49 டாலர் 95 காசு, அன்றைக்கு அதுவும் பெரிய தொகைதான். ஆனால் ஜப்பானிய நிறுவனங்கள் களத்தில் இறங்கியதும் விலை சரிந்தது. பேட்டரி போட்டால் போதும், நேயர் விருப்பம் அடுப்படிக்கே வந்துவிட்டது.

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அது வெறும் பாட்டுப் பெட்டி அல்ல. பாட்டியின் தாலாட்டையும், கோயில் திருவிழா உடுக்கையடியையும், ஊரில் இருக்கும் உறவுக்கு அனுப்பும் குரலையும் சாதாரணக் குடும்பமே பதிவு செய்ய முடிந்தது. ஆக, கிராமபோனிலிருந்து கேசட் வரை ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பும் கேட்கும் செலவைக் குறைத்துக்கொண்டே வந்தது.

பாதை பிரிந்த இடம்

1982-இல் சோனி நிறுவனத்தின் முதல் சிடி கருவி ஜப்பானில் 168,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதைவிடப் பல மடங்கு மலிவான கருவிகள் கடைகளை நிறைத்தன. பிறகு கணினி வந்தது, கைத்தொலைபேசி வந்தது. பாட்டுக் கேட்க தனிக் கருவி வேண்டும் என்ற நிலையே போய்விட்டது.

இங்கேதான் பாதை பிரிகிறது. லட்சக்கணக்கானோர் தொலைபேசிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து நுணுக்கமாகக் கேட்க வேண்டும் என்ற சிலர் மட்டும் உயர்ரகக் கருவிகளிடம் தங்கினார்கள். வாங்குவோர் குறைந்தால் ஆராய்ச்சிச் செலவையும் அச்சு வார்ப்புச் செலவையும் அந்தச் சிலர் தலையில்தான் ஏற்ற முடியும். ஆண்டுதோறும் புது மாடல் போடுவது தொலைபேசி நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். ஆயிரம் பெட்டி விற்கும் நிறுவனத்துக்குக் கட்டுமா?

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டுச் சுழலியை எடுத்துக்கொள்வோம். 1972-இல் பிறந்தது. 1979-இல் வந்த இரண்டாம் வடிவம், சில்லறை மாற்றங்களோடு 2010 வரை ஓடியது. உற்பத்தி நின்று, 2016-இல் அதே தோற்றத்தில் திரும்பி வந்தபோது விலை 4,000 அமெரிக்க டாலர். உள்ளே மோட்டார் புதிது என்பது உண்மை. நின்றுபோன உற்பத்தியை மறுபடி தொடங்க ஆகும் செலவும் உண்மை. குறைந்த விலை வடிவங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் வந்தன.

ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட எல்பி12 சுழலி இன்னும் விற்பனையில் இருக்கிறது. 2023-இல் நிறுவனத்தின் பொன்விழாவுக்காக வந்த 250 சிறப்புக் கருவிகளில் ஒன்றின் விலை 50,000 பவுண்டு, அதாவது இரண்டரை லட்சம் ரிங்கிட்டுக்கும் அதிகம். அந்த ஆண்டு இந்நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். ஒரு தொழிலாளியின் 13 ஆண்டுகளுக்கும் மேலான சம்பளம் ஒரு சுழலியில் அடங்கிவிடுகிறது!

நாணயமும் நெருப்பும்

மலேசியருக்கு இன்னொரு சுமையும் உண்டு. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை இறக்குமதி. 1997-இன் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 2 ரிங்கிட் 50 காசு. நிதி நெருக்கடிக்குப் பின் 1998 செப்டம்பரில் அது 3 ரிங்கிட் 80 காசாக நிர்ணயிக்கப்பட்டது. 1,000 டாலர் ஸ்பீக்கர் 2,500 ரிங்கிட்டிலிருந்து 3,800 ரிங்கிட்டுக்குத் தாவியது. தயாரித்தவர் ஒரு காசும் ஏற்றவில்லை. ஏற்றியது நாணய மாற்று.

2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்காவில் அசாஹி காசெய் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பற்றியது. எண்களாகப் பதிவான இசையை ஒலியாக மாற்றும் சிப்கள் அங்கேதான் உருவாகின. பல நிறுவனங்கள் வேறு சிப்புக்கு ஏற்றபடி கருவியை மறுபடி வடிவமைக்க வேண்டியதாயிற்று. புது மாடல் தாமதமாவதற்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

எது குறை?

கருவி மாறாமல் இருப்பது மட்டுமே குறையாகாது. மனிதக் காது மாறவில்லை. நன்றாகச் செய்த சுழலிக்கும் ஸ்பீக்கருக்கும் ஆண்டுதோறும் மாற்றம் தேவையுமில்லை. அந்த லின் சுழலியையே பாருங்கள்: பழைய பெட்டிக்குப் பின்னாளில் வந்த பாகங்களைப் பொருத்தலாம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் பழுது பார்க்க முடிகிற பொருளை மெதுவான பொருள் என்று இகழ முடியாது. மாற்றம் பெயரளவில் மட்டும் இருக்க, விலை மட்டும் தாவினால் அதுவே குறை. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: உள்ளே மாறியது என்ன? பத்தாண்டு கழித்துப் பாகம் கிடைக்குமா? ஏறிய விலையில் நாணய மாற்றின் பங்கு எவ்வளவு? இதற்குப் பதில் தெரியாமல் தவணைக்கு ஒப்புக்கொள்வது, கௌரவத்துக்காகக் கடன்படும் பழைய வியாதிதான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அந்தக் குடும்பங்களின் அலமாரிகளில் பழைய கேசட்டுகள் தூசி படிந்து கிடக்கின்றன. ஒலிநாடா நாளுக்கு நாள் நைந்துபோகிறது. அதைப் பாட வைக்கும் கருவியும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் அரிதாகிவிட்டார்கள். புதுக் கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கைச் செலவிட்டு அவற்றைக் கணினியில் ஏற்றிவிடலாம். விலை உயர்ந்த பெட்டியை அடுத்த ஆண்டும் வாங்க முடியும். பாட்டியின் தாலாட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.