கோபுரத்துச் செவ்விளக்கு

உயர்ந்த வானொலிக் கோபுரத்தில் எச்சரிக்கை விளக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு என நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இருளில் பறந்துவரும் விமானி கோபுரத்தைக் காணவேண்டும். ஆகவே விளக்கு வேண்டும். அந்த விடை போதாது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் எனக்கு உணர்த்தியது.

விமானங்களுக்கு இடையூறாகக்கூடிய கோபுரங்களில் விளக்குப் பொருத்துமாறு பணிக்கும் அதிகாரத்தை அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழுவுக்கு 1934 ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. 200 அடிக்கு மேற்பட்ட கோபுரங்களில் விளக்கெரிவது வழமையாயிற்று. சில விளக்குகள் மின்னி மறைந்தன. சில விடியும்வரை இடையறாது சிவந்து எரிந்தன.

1950களில் தொலைக்காட்சி பரவியது. கோபுரங்கள் ஆயிரம் அடியை எட்டின. விஸ்கொன்சின் மாநிலத்தில் டொக்டர் சார்ள்ஸ் கெம்பர் என்ற வைத்தியர், 1957 முதல் 1995 வரை ஒரு கோபுரத்தின் அடியில் இறந்துகிடந்த பறவைகளைப் பொறுக்கி எண்ணினார். மொத்தம் 121,560, இனங்கள் 123. 1963 செப்ரெம்பரில் ஒரே இரவில் மட்டும் 12,000க்கும் மேல்.

இரவில் வலசை செல்லும் சிறு பறவைகள் விண்மீன்களையும் புவியின் காந்தப்புலத்தையும் கொண்டு திசையறிகின்றன. முகில் தாழ்ந்த இரவுகளில் விண்மீன்கள் மறைந்துவிடும். அப்போது கோபுர ஒளியின் வட்டத்துள் நுழையும் பறவை, வெளியிலுள்ள இருளுக்குள் மீளத் தயங்கி அங்கேயே சுற்றுகிறது. கோபுரத்தைத் தாங்கும் கம்பி வடங்களில் மோதி மடிகிறது.

விளக்கை அணைத்தால் விமானிக்கு ஆபத்து. எரியவிட்டால் பறவைக்கு அழிவு. இந்த இக்கட்டுக்கு வழிகாட்டியது மிச்சிகன் மாநிலத்தில் நடைபெற்று, 2009 இல் வெளியான ஓர் ஆய்வு. இடையறாது எரியும் விளக்குகளை நீக்கி, மின்னி மறைபவற்றை மட்டும் விட்டபோது, பறவை மரணங்கள் 50 முதல் 71 சதவீதம் வரை குறைந்தன. மின்னும் விளக்குகளே விமானிகளுக்குப் போதுமா என்று விமானப் போக்குவரத்து நிருவாகம் பறந்து பரிசோதித்தது. போதும் என்று கண்டது. 2015 டிசெம்பரில், புதிய உயர்கோபுரங்களில் இடையறாது எரியும் செவ்விளக்குகள் தேவையில்லை என விதி திருத்தப்பட்டது. பழைய கோபுரங்களும் அனுமதி பெற்று மாறலாம் என்றாயிற்று.

மாற்றத்துக்குப் பெருஞ்செலவு தேவைப்படவில்லை. சில விளக்குகளை அணைத்தாலே போதுமாயிருந்தது. எனினும், அந்த வைத்தியர் முதற் பறவையைப் பொறுக்கியெடுத்து 58 ஆண்டுகள் கடந்த பின்னரே அந்த முடிவு வந்தது.