சுய இழிவுணர்ச்சி (எச்.ஐ.வி. தொற்றுடையோரிடம்)

எச்.ஐ.வி. தொற்றுடைய ஒருவர், அந்நோயைக் குறித்துச் சமூகம் கொண்டிருக்கும் அவமதிப்பைத் தம்முடைய தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டு, பிறர் ஒரு சொல்லும் சொல்லாதபோதும் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ளும் மனநிலை சுய இழிவுணர்ச்சி எனப்படும். பிறர் இழைக்கும் புறக்கணிப்பு வேறு. அது நேருமோ என்னும் பீதி வேறு. நேர்ந்தால் அது நியாயமே என்று அந்தரங்கத்தில் இசைந்துவிடுவது இவ்விரண்டினும் வேறு. 2001 இல் பார்பரா பெர்கரும் அவருடன் உழைத்தவர்களும் வகுத்த 40 வினாக்கள் கொண்ட அளவுகோல், இம்மூன்றாவதனைத் தனிக்கூறாகவே அளக்கிறது.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் அறியப்பட்டது 1986 இல், சென்னையில். மருத்துவப் பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவை பாலியல் தொழிலில் இருந்த பெண்களுடையவை. ஆகவே நோய் தெரிய வந்த அன்றே ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பும் அதனுடன் கூடப் பிறந்துவிட்டது. 2003 இல் தமிழகத்துச் சுவர்களெங்கும் கேள்வியாக எழுந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரப் பாத்திரமான புள்ளிராஜா, விழிப்பை உண்டாக்கியது மெய்யே. ஆனால் அப்பெயர் வெகு சீக்கிரத்தில் தெருக்கேலியாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

அச்சமும் அனுபவமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைச் சென்னையில் தொற்றுடையோர் 203 பேரிடம் நடத்தப்பெற்று 2005 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. புறக்கணிப்பைப் பிரத்தியட்சமாக அனுபவித்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். அதற்கு அஞ்சி வாழ்ந்தவர்களோ நூற்றுக்கு 97 பேர். இதைக் கொண்டு அச்சம் வெறும் பிரமை என்று கொள்ளலாகாது. வெளியே சொல்லாமையினாலேயே பலர் தப்பியிருக்கலாம். அவ்வாறாயின், ரகசியம் ஒரு கவசமாகவும் விலங்காகவும் ஒருங்கே இருந்ததென்றே கொள்ள வேண்டும்.

பின்னலாடைத் தொழிலால் பெருகி, 2009 இல் தனி மாவட்டத்தின் தலைநகரமான திருப்பூரில் இவ்விலங்கின் அமைப்பைத் தெளிவாகக் காணலாம். தேனி, மதுரைப் பக்கத்திலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் நிறைந்த ஊர் இது. சொந்தக் கிராமத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், இங்கோ பூர்வோத்தரம் கேட்பாரில்லை. எனினும் லைன் வீட்டில் தண்ணீர்க் குழாய் பொது, சுவரும் பொது. மாத்திரைப் புட்டியின் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு டப்பாவில் மாற்றி வைப்போர் உண்டு. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் ஒருவர் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டுமருந்துச் சிகிச்சை மையத்துக்குச் செல்லும் நாளில் அன்றைய கூலியை இழப்பது மட்டுமன்று, சூப்பர்வைசரிடம் ஒரு காரணமும் கூற வேண்டும். கூறும் காரணம் பெரும்பாலும் பொய்யாகவே இருக்க நேரிடுகிறது. குற்றமேதும் செய்யாத மனிதனையும், திரும்பத் திரும்பச் சொல்லும் பொய் குற்றவாளியைப் போல நடக்கப் பழக்கிவிடுகிறது. பரிசோதனைக் கூடத்துக்கு அரசு சூட்டிய 'நம்பிக்கை மையம்' என்ற பெயர் அழகியதுதான். ஆனால் அப்பலகையின் கீழ் நிற்கையில் தெரிந்த முகம் ஏதேனும் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பவருக்கு அவ்வழகு புலப்படாது.

கணவனிடமிருந்து தொற்றைப் பெற்று, அவன் மறைந்தபின் பிள்ளைகளுக்காகப் பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடி முதலிய வேலைகளுக்கு வரும் பெண்ணின் நிலை இதனினும் விசித்திரமானது. தவறு தன்னுடையதன்று என்று நன்கறிந்தும், 'நான் வாங்கி வந்த வரம் இது' என்று அவள் தன் தலைமேலேயே ஏற்றுக்கொள்கிறாள். இத்தகைய பெண்களுக்காகவே, தொற்றுடைய பெண்களான கௌசல்யா முதலியோர் 1998 இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினர். உபதேசிகளின் நூறு வார்த்தைகளைவிட, அதே மாத்திரையைப் பல்லாண்டுகளாக உண்டு வேலைக்குப் போய்வரும் ஒருத்தியின் சந்நிதானம் அதிகம் தேற்றும் என்பதே இத்தகைய சங்கங்களின் பலம்.

சுய இழிவுணர்ச்சியின் விளைவு மனத்தோடு நிற்பதில்லை. பிறர் காண்பரென்று மாத்திரை தவறினால், வைரஸ் மருந்துக்கு அடங்காத தன்மையை அடையக்கூடும். இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. இன்று பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரையே போதும். சென்னையும் பங்கேற்ற, 1,763 தம்பதிகளைக் கொண்ட சர்வதேச ஆய்வு, சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைவதை 2011 இல் நிரூபித்தது. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்கு அடங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை என்பது இன்று மருத்துவ உலகின் முடிபு. தம்மையே அபாயமாகக் கருதி வாழ்க்கைத் துணையிடமிருந்தும் விலகிப் படுப்பவருக்கு இவ்வுண்மை சொல்லப்பட வேண்டும். கூட்டம் நிறைந்த மையங்களில் மாத்திரை கொடுக்கும் கைக்கு அதைச் சொல்ல அவகாசம் வாய்ப்பது அரிது.

2018 செப்டம்பர் 10 முதல் அமலிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், தொற்றைக் காரணங்காட்டி வேலையை மறுப்பதையும் பாரபட்சமாக வேலையிலிருந்து நீக்குவதையும் தடுக்கிறது. 100 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் புகார் அதிகாரி ஒருவர் இருக்கவேண்டுமென்பதும் அதன் விதி. பத்து இருபது தையல் இயந்திரங்களோடு நடக்கும் ஜாப் ஒர்க் கூடத்துக்கு அவ்வதிகாரி இல்லை. பாரபட்சத்தைத் தடுக்கும் விதி மட்டும் அதற்கும் பொருந்தும். விவரம் வேண்டுவோர் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.