செயலி மாறினும் பெயர் மாறாத பொறி

'செயலி' என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்குகிறது. கைப்பேசி வைத்திருப்பவரிடம் 'செயலியை மேம்படுத்துங்கள்' என்றால், அவர் திரையிலுள்ள ஒரு சிறு படத்தை விரலால் தொடுவார். 1990களில் ஒரு கணினிக்கூடத்தில் அதே தொடரைக் கூறியிருந்தால், கேட்டவர் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் திருப்புளியைத் தேடியிருப்பார். இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்தத் திருப்புளிக் காலத்துச் செயலியை. குறிப்பாக, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்னும் பணிநிலையத்தில் செயலி மாற்றப்பட்ட வரலாற்றை. மொழியியலாருக்கு இதில் என்ன வேலை என்று அவையோர் கேட்கக்கூடும். அக்காலத்துச் சொற்றொகுதி ஆய்வுகளும் பேச்சொலி ஆய்வுகளும் பெரும்பாலும் இத்தகைய யூனிக்ஸ் பொறிகளின் மேல்தான் நடந்தன. அந்த நிரல்களை இன்று ஒருவர் மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்பினால், பொறியின் எப்பகுதியை மாற்றலாம், எப்பகுதியை மாற்றலாகாது என்று அறிந்திருத்தல் வேண்டும்.

பணிநிலையம் என்பது மேசைக்கணினிக்கும் பெருங்கணினிக்கும் இடைப்பட்டது. ஒரு பொறியாளரோ ஆய்வாளரோ தனக்கென வைத்துப் பணியாற்றுவது. சன் நிறுவனம் 1982இல் தோன்றியது. ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டி நெட்வொர்க் என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன் குழுவினர் செய்த ஆய்வின் வழிவந்த ஸ்பார்க் என்னும் கட்டளைத் தொகுதியை அந்நிறுவனம் 1987 முதல் தன் பொறிகளில் பயன்படுத்தியது. 1992இல் ஸ்பார்க்ஸ்டேஷன் 10 வந்தது, இரண்டாண்டுகளுக்குப்பின் 20. இரண்டும் தட்டையான பெட்டிகள். பீட்சா வாங்கிவரும் அட்டைப்பெட்டியை ஒத்திருந்தமையால் அப்பெயராலேயே அவற்றை அழைத்தனர்.

மேல்மூடியைக் கழற்றினால், தாய்ப்பலகையில் செயலி பற்றவைக்கப்பட்டிருக்காது. அது ஒரு தனிச் சிறுபலகையில் அமர்ந்திருக்கும். அச்சிறுபலகையைச் செருகுதற்கு இரண்டு செருகுவாய்கள் உண்டு. செருகுவாய்க்குப் பின்னுள்ள 64 பிட் அகலத் தரவுப்பாட்டைக்கு எம்பஸ் என்று பெயர். ஒரு சிறுபலகையில் ஒரு செயலியோ இரண்டோ இருக்கலாம் என்பதால், சிறிய பெட்டிக்குள் நான்கு செயலிகள் வரை அடங்கின. கணினியின் உறுப்புகளுள் விரைவில் பழமையாவது செயலியே. பெட்டி, மின்வழங்கி, வட்டு, திரை ஆகியவற்றை வைத்துக்கொண்டு செயலியை மட்டும் மாற்றினால் வாங்குவோருக்குப் பெருஞ்செலவு மிஞ்சும். இதனினும் முதன்மையானது, எம்பஸ்ஸின் இலக்கணம் சன்னின் கைக்குள் பூட்டப்படாமல் பிறரும் பின்பற்றத்தக்கதாய் வெளியிடப்பட்டிருந்தது. ஆகவே டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வார்த்த சூப்பர்ஸ்பார்க் செயலியைக் கொண்ட சன்னின் சிறுபலகை அமரும் இடத்தில், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலிருந்த ராஸ் டெக்னாலஜி என்னும் வேறொரு நிறுவனத்தின் ஹைப்பர்ஸ்பார்க் சிறுபலகையும் அமர்ந்தது. இரண்டும் ஒரே கட்டளைகளை ஏற்றன. உள்ளே அவற்றை நிறைவேற்றும் முறையோ முற்றிலும் வேறு. எழுத்துத்தமிழ் ஒன்றாயிருக்க, படிப்பவர் வாயில் ஒலிப்பு ஊருக்கு ஊர் வேறுபடுவதை ஒத்தது இது.

சன்னின் சிறுபலகைகளுக்கு இட்ட எண்கள் ஒரு சிறு சொல்லிலக்கணம் போன்றவை. எஸ்எம்51 என்பதில் முதல் இலக்கம் ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைக் குறிக்கும். ஈற்றிலுள்ள 1, சிறுபலகையில் 1 மெகாபைட் கேஷ் நினைவகம் உண்டு என்பதைக் குறிக்கும். எஸ்எம்50இல் அந்நினைவகம் இல்லை. இல்லாததன் விளைவு வேகக்குறைவு மட்டுமன்று: நடுவே அந்த நினைவகமும் அதன் கட்டுப்படுத்தியும் இல்லாதபோது, செயலி பாட்டையின் துடிப்போடு ஒத்தே துடிக்க வேண்டும். எனவே 40 மெகாஹெர்ட்ஸ் பாட்டையுள்ள பழைய பொறியில் எஸ்எம்50ஐச் செருகி முழு வேகத்தையும் எதிர்பார்த்தல் வீண். எண்ணை மட்டும் பார்த்து வாங்கியோர் ஏமாந்த இடம் இன்னொன்றும் உண்டு. சூப்பர்ஸ்பார்க் ஒரு துடிப்பில் மூன்று கட்டளைகள் வரை அனுப்ப வல்லது, ஹைப்பர்ஸ்பார்க் இரண்டு. ஆகவே 100 மெகாஹெர்ட்ஸ் ஹைப்பர்ஸ்பார்க் 50 மெகாஹெர்ட்ஸ் சூப்பர்ஸ்பார்க்கைவிட எப்பணியிலும் இரு மடங்கு விரைவு என்று கணக்கிட இயலாது. இன்றும் பழம்பொறி வாங்குவோர் துடிப்பெண்ணையே முதலில் கேட்பதைக் காண்கிறோம். அப்பழக்கம் எளிதில் போவதாகத் தோன்றவில்லை.

இப்பொறியின் பெயர் கேளாதவரும் அதன் உழைப்பைக் கண்டிருப்பர். 1995இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தின் சட்டங்களைக் கணித்து வரைந்தவை 117 ஸ்பார்க்ஸ்டேஷன் 20 பொறிகள். அவற்றுள் 87இல் இரண்டிரண்டு செயலிகளும் 30இல் நான்கு நான்கும் இருந்தன. ஒரே பெட்டி இருவேறு அளவுகளில் அமைந்தமைக்கு அந்தச் செருகுவாய்களே காரணம்.

இனி மாற்றும் வினைக்கு வருவோம். சிறுபலகையைப் பிடுங்கி வேறொன்றைப் பொருத்துவது ஐந்து நிமிட வேலை. பொறி அதனை ஏற்குமா என்பது வேறு. முதலில் தொடக்க நிரல் புதிய செயலியை அறிந்திருக்க வேண்டும். ராஸ் செயலி தோன்றுமுன் எழுதப்பட்ட தொடக்க நிரல் அதனை எப்படி அறியும்? எனவே அந்நிரல் பதிந்த சில்லையும் மாற்ற நேர்ந்தது. அடுத்து இயக்க முறைமை. பழைய சன்ஓஎஸ் 4 பல செயலிகளை ஏற்றதாயினும், அதன் கருநிரலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு செயலியே புக முடிந்தது. ஆகவே நான்கு செயலிக்குப் பணம் கொடுத்தவர் நான்கு மடங்கு வேகத்தைக் காணவில்லை; சோலாரிஸ் 2க்கு மாறியவரே பயனை உணர்ந்தனர். இருவகைச் செயலிகளை ஒரே பொறியில் கலத்தலும் ஆகாது. வெப்பத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை: தட்டைப் பெட்டிக்குள் நான்கு செயலிகளை அடைத்தால் என்னவாகும் என்பது தெரிந்ததே.

நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது வேறொரு சில்லு. தாய்ப்பலகையில் சிறு நினைவகச் சில்லு ஒன்றுண்டு. அதன் மேலுறைக்குள்ளேயே ஒரு லித்தியம் மின்கலம் புதைக்கப்பட்டிருக்கும். நாள், நேரம் ஆகியவற்றுடன் பொறியின் வலையமைப்பு முகவரியும் 'ஹோஸ்ட் ஐடி' என்னும் அடையாள எண்ணும் அதில்தான் பதிந்திருக்கும். விலைகொடுத்து வாங்கிய நிரல்களுள் பல, இந்த அடையாள எண்ணைக் கேட்டே உரிமத்தைச் சரிபார்த்தன. செயலியைத் தூக்கி வேறு நிறுவனத்தின் செயலியைப் போட்டாலும் நிரலுக்கு ஐயமில்லை. பொறி அதே பொறிதான். பத்தாண்டுகளோ சற்று மிகுதியாகவோ கழிந்து மின்கலம் தீர்ந்ததும், பொறி தன் பெயரையே மறந்துவிடும். செயலி, வட்டு, நினைவகம் எல்லாம் பழுதின்றி இருக்க, நிரலோ 'நீ யார்' என்று கேட்டு நின்றுவிடும். உரிமம் வழங்கிய நிறுவனம் மறைந்திருந்தால் விடை சொல்வாரில்லை.

இதற்கு மருந்தும் அப்பொறியிலேயே உள்ளது. தொடக்க நிரல் ஃபோர்த் என்னும் மொழியில் அமைந்தது; 'ஓகே' என்னும் இரண்டெழுத்தைத் திரையில் காட்டிக் கட்டளைக்குக் காத்திருக்கும். பழைய அடையாள எண்ணையும் முகவரியையும் அறிந்தவர், புதிய சில்லைப் பொருத்திவிட்டு, அவ்விடத்தில் அவற்றைத் தட்டச்சு செய்து பொறிக்குத் தன் பெயரை மீட்டுத் தரலாம். அறியாதவர் ஏதோவோர் எண்ணை இட்டுப் பொறியை எழுப்பலாம். பூட்டிய நிரல் திறவாது. ஓர் ஆய்வுத்துறை பல்லாண்டு தொகுத்த தரவு, அதைப் படிக்கும் நிரல் திறவாமையால் ஊமையாகிவிடும். இதற்குக் காரணம் ஒரு சிறு மின்கலமும் ஒருவர் எழுதிவைக்க மறந்த சில இலக்கங்களும் என்பதை எண்ணும்போது மனம் ஒப்பவில்லை.

எம்பஸ்ஸின் ஆயுள் நீண்டதன்று. 1995இல் சன் 64 பிட் அல்ட்ராஸ்பார்க் செயலிக்கு மாறியது. அதற்கு வேறு பாட்டை. பழைய நிரல்கள் புதிய செயலியில் ஓடின. புதிய 64 பிட் நிரல்கள் பழைய செயலியில் ஓடா. ஒரு கிளைமொழியார் மற்றதைப் புரிந்துகொள்ள, மற்றவர் இதைப் புரிந்துகொள்ளாத நிலையை மொழியியலில் ஒருபுறப் புரிதல் என்போம், அதுவே இங்கும். ஸ்பார்க்ஸ்டேஷன் 20 வைத்திருந்தோர்க்கு அல்ட்ராஸ்பார்க் சிறுபலகை எதுவும் கிட்டவில்லை. ராஸ் 1998இல் மூடப்பட்டது. 2002இல் வந்த சோலாரிஸ் 9தான் இப்பொறிகளை ஏற்ற கடைசி சோலாரிஸ். சன்னையே 2010இல் ஆரக்கிள் வாங்கியது.

இன்று இப்பொறிகளைப் பேணுவோரிடையே ஒரு வழக்கு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த செயலியோடு வைத்தலே உண்மை என்பர் சிலர். ஏற்கும் வரையில் வேகமான செயலியைப் பொருத்துவோம் என்பர் வேறு சிலர். நாம் இரண்டாமவர் பக்கம் ஓரளவு சாய்கிறோம். மாற்றுவதற்கென்றே செருகுவாய் வைத்துக் கட்டிய பொறியில் மாற்றம் பிழையன்று. அது பொறியின் இயல்பே. ஆயினும் அக்காலத்து ஓர் ஆய்வு எத்தனை மணி நேரம் எடுத்தது என்று அளக்க வேண்டின் பழைய செயலியே வேண்டும். ஆகையால் கழற்றிய சிறுபலகையை விற்றுவிடுதல் தகாது. பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். கழற்றியதை நிலைமின் தடுப்புப் பையிலிட்டு, எந்தப் பொறியிலிருந்து எந்நாளில் எடுத்தோம் என்று எழுதி அப்பெட்டியோடேயே வைக்கலாம்.

திருப்புளியை எடுக்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பொறியை இயக்கியதும் திரையின் மேற்பகுதியில் சில வரிகள் தோன்றும்: முதல் வரியில் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்னும் பெயர், அதனருகே செயலிகளின் எண்ணிக்கையும் வகையும், அடுத்துத் தொடக்க நிரலின் பதிப்பு, நினைவகத்தின் அளவு, இறுதியில் வலையமைப்பு முகவரியும் அடையாள எண்ணும். செயலியை மாற்றியபின் முதல் வரியின் பின்பாதி மட்டுமே மாறும். மின்கலம் உயிரோடிருக்கும்போதே அவ்வரிகள் முழுவதையும் ஒரு தாளில், கையால், பேனாவினால் எழுதிக்கொள்ள வேண்டும்.