கனடா நாட்டுப் பொது மருத்துவம்

டாமி டக்ளஸ் சிறுவயதில் காலெலும்பு நோயுற்றார். வல்லுநருக்கு ஈயப் பெற்றோரிடம் பொருளில்லை. மாணாக்கர் கண்டு பயில இசைந்தமையால், மருத்துவர் ஒருவர் ஊதியமின்றி அறுவை செய்து காலைக் காத்தார். பின்னர் கனடாவின் சஸ்காட்செவன் மாகாண முதல்வரான டக்ளஸ், நோயாளியின் நலம் ஒருவரது தயவைச் சார்ந்திருத்தல் ஆகாதெனக் கருதினார். அவர் முன்மொழிந்த பொது மருத்துவக் காப்பீடு 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்கள் 23 நாள் பணி துறந்து எதிர்த்தும் அது நிலைத்தது. பின் நாடெங்கும் பரவியது.

ஆயினும், பிற்காலத்தில் சில அறுவைகளுக்குக் காத்திருப்பு நீண்டது. இடுப்பு மூட்டு அறுவைக்குக் காத்திருந்த ஒருவர் தொடர்புற்ற வழக்கில், தனியார் காப்பீட்டுக்குக் கியூபெக் மாகாணம் விதித்த தடை செல்லாதென 2005இல் உச்ச நீதிமன்றத்தில் நால்வர் தீர்ப்பளித்தனர், மூவர் மறுத்தனர். மாகாணமோ சில அறுவைகளுக்கு மட்டும் தனியார் காப்பீட்டுக்கு இசைந்து, பொதுமுறையைக் கைவிடாது காத்தது. அன்று பொருளின்மை தடுத்தது. பின்னர் காலம் தடுத்தது. உரிய பொழுதில் கிட்டுவதும் மருத்துவ உரிமையின் கூறே.