ஏற்றமும் ஏரியும் ஏரி வாரியமும்

நாளைக் காலை முதல் உங்கள் ஊரில் மின்சாரம் இல்லை, டீசலும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பிழைத்திருக்க நீங்கள் எந்த வேலைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும்? இக்கேள்வியை ஒரு வகுப்பில் கேட்டால் ஏர் உழுதல், நூல் நூற்றல், மண்பானை வனைதல், மாடு பழக்குதல் என்று விடைகள் வரிசையாக வரும். எல்லாம் சரியான விடைகளே. ஆனால் இவை அனைத்தும் ஒருவர் தனியாகக் கற்றுக்கொள்ளக்கூடியவை. இவற்றை மட்டும் கற்றவர்கள் நிறைந்த ஊர் இரண்டாவது கோடைக்குத் தாங்குமா என்பது சந்தேகம்தான். ஏன் என்று பார்ப்போம்.

இயந்திரங்களை விலக்கி வாழ்வோர் என்றதும் உலகம் ஆமிஷ் மக்களைச் சுட்டிக்காட்டும். 1693ஆம் ஆண்டு வாக்கில் சுவிட்சர்லாந்து, அல்சேஸ் பகுதிகளில் யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்த கிறித்தவப் பிரிவினர் இவர்கள். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினர். இன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருக்கின்றனர். குதிரை வண்டியில் பயணம் செய்கிறார்கள். பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை. பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, வயலிலும் பட்டறையிலும் பெரியவர்களோடு சேர்த்து வேலை பழக்குகிறார்கள்.

இவர்கள் எல்லா இயந்திரங்களையும் வெறுப்பவர்கள் என்று நினைத்தால் அது பிழை. பல ஊர்களில் வீட்டுக்குள் தொலைபேசி கூடாது. ஆனால் சாலையோரக் கொட்டகையில் நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று இருக்கலாம். டிராக்டர் வயலில் இறங்கக்கூடாது. களஞ்சியத்தின் அருகில் நின்றபடி மற்றக் கருவிகளைச் சுழற்றலாம். எது கூடும், எது கூடாது என்பதை ஒவ்வொரு சபையும் ஆண்டுக்கு இருமுறை கூடிப் பேசுகிறது. இந்த விதிகளின் தொகுப்பை அவர்கள் 'ஒழுங்கு' என்று பொருள்படும் ஒரு ஜெர்மானியச் சொல்லால் அழைக்கிறார்கள். கொல்லனும் தச்சனும் இருந்தால் மட்டும் போதாது, ஊரைக் கட்டிவைக்கும் விதியும் வேண்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

அத்தகைய விதி கல்லில் எழுதப்பட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தின் சுவர்களில் அதைக் காணலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மறந்துவிடக்கூடாது. ஆமிஷ் மக்கள் இயந்திரத்தைக் கண்டபின் மறுத்தவர்கள். உத்திரமேரூராருக்கு மறுப்பதற்கு இயந்திரமே இல்லை. மனிதத் தசையும் மாட்டின் தசையும்தான் அவர்களுடைய விசை.

அந்த விசை எவ்வளவு? காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இடைவிடாமல் உழைக்கும் ஓர் ஆள் தரும் திறன் சுமார் 75 வாட். கிணற்றில் நீர் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்போம். ஒரு லிட்டர் நீரை மேலேற்ற 49 ஜூல் ஆற்றல் வேண்டும். ஆள் ஒரு மணி நேரத்தில் தருவது 2,70,000 ஜூல். எனவே ஒரு மணிக்கு மிஞ்சிப் போனால் 5,500 லிட்டர். நெற்பயிருக்கு விதைப்பு முதல் அறுவடை வரை வயலில் சுமார் 1,200 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டும் என்று கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர் ஆகிறது. நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்தால் ஏறக்குறைய 110 நாள்!

மழை ஒரு பகுதியைத் தந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் உராய்விலும் சிந்துவதிலும் வீணாவதை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கிணற்றடியில் நட்ட மரத்தின் மேல் நீண்ட துலா ஒன்று துலாக்கோல் போல ஆடும். ஓர் ஆள் அதன்மேல் முன்னும் பின்னும் நடப்பார்; அவருடைய உடல் எடையே சாலை இறக்கி ஏற்றுகிறது. இன்னோர் ஆள் கீழே நின்று சாலைக் கவிழ்ப்பார். நெம்புகோல் தத்துவத்தின் அழகான பயன்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நெம்புகோல் வேலையின் சிரமத்தைக் குறைக்குமே தவிர வேலையின் அளவைக் குறைக்காது. இரண்டு ஆள் நாள் முழுதும் உழைத்து ஓர் ஏக்கரைக் காப்பாற்றினால், ஊர் முழுவதும் சோறு உண்பது எப்படி? இன்று 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று 50 ஆள்களின் திறனைத் தருகிறது. அது இல்லாத காலத்தில் கிணற்றை மட்டும் நம்பி நெல் விளைவிக்க முடியாது.

விடை ஏரி. கடல்நீரை ஆவியாக்கி உயரே தூக்கும் வேலையைக் கதிரவன் செய்துவிடுகிறான். பெய்த மழை சரிவில் ஓடித் தாழ்வதற்கு முன், வயலைவிடச் சற்று மேட்டிலேயே அதைத் தடுத்து நிறுத்திவிட்டால் பிறகு இறைக்கவே வேண்டாம். மதகைத் திறந்தால் புவியீர்ப்பு விசை பாய்ச்சும். காஞ்சிபுரம் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ மெல்லிய சரிவு. ஆகவே சரிவின் குறுக்கே வில் போல வளைந்த நீண்ட மண்கரை எழுப்பினார்கள். மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து கீழுள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். ஓர் ஏரி மற்றொன்றுக்கு ஊட்ட, சங்கிலித் தொடராய் நூற்றுக்கணக்கான ஏரிகள். தமிழகம் முழுவதிலும் இன்று ஏரி, கண்மாய்கள் ஏறத்தாழ 39,000 உள்ளன என்பர்.

இப்போது தொல்லை தொடங்குகிறது. ஏரி ஒருமுறை வெட்டிவிட்டால் முடிந்துவிடும் பொருளன்று. ஓடிவரும் நீர் மண்ணையும் கொண்டுவரும். ஏரி ஆண்டுதோறும் தூர்ந்துகொண்டே இருக்கும். எலி வளையும் நண்டு வளையும் கரையைத் துளைக்கும். கரையின் ஒரே இடத்தில் உடைப்பு ஏற்பட்டால் தொடரின் கீழுள்ள ஏரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடையலாம். தூர்வாரும் வேலையைத் தன் பங்குக்குச் செய்யாமல் நீரை மட்டும் எடுத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஆசை இருக்கும். ஏர் உழத் தெரிந்த ஆயிரம் பேர் இருந்தும் ஓர் ஊர் அழிவது இந்த இடத்தில்தான்.

உத்திரமேரூரில் வயிரமேக தடாகம் என்ற ஏரி இருந்தது. 9ஆம் நூற்றாண்டின் பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கியது அது. ஏரிகளைத் தூர்வாரவும் கரை கட்டவும் நிலத்தின் விளைவையும் பொன்னின் வட்டியையும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் அக்காலக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுகிறது. அவ்வாறு விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்றும், திரட்டிய வரிக்கு ஏரி ஆயம் என்றும் பெயர். அதாவது அடுத்த ஆண்டின் மண்ணை அள்ளுவதற்கு இந்த ஆண்டே நெல் ஒதுக்கியாகிவிட்டது.

அதை யார் நிர்வகிப்பது? சோழன் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், சபையார் எழுதிவைத்த முடிவுகள் இதற்கு விடை தருகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயர்கள் ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் எடுத்தான். இந்தக் குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடநூல் பொதுவாக நின்றுவிடும் இடத்துக்குப் பிறகுதான் நமக்கு வேண்டியது இருக்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியமே உயர்ந்தது. அதற்கு வருபவர்கள் முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தவர்களாக இருக்கவேண்டும் என்பது 921ஆம் ஆண்டின் விதி. எத்தனை நுட்பமான ஏற்பாடு! ஏரியின் கரையையும் மதகையும் அறியாதவர் ஊரை ஆளும் வாரியத்துக்குப் போக முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலாவது இருந்தவருக்கு மறுபடியும் இடமில்லை. ஆகவே ஏரி நிர்வாகம் ஒரு சிலர் கையில் தேங்காமல் மாறிக்கொண்டே இருந்தது. கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். எனக்கு இக்கல்வெட்டில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். ஏரியைத் தூர்வாரும் செலவில் கைவைக்கும் ஆசை 1,100 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது என்று அது சொல்லாமல் சொல்கிறது.

கைத்தொழில்களும் இதே வகையில் ஊருக்குள் பிணைக்கப்பட்டன. 1763இல் செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து பதிவு செய்தது. அறிஞர் தரம்பால் (1922–2006) இந்தப் பதிவுகளைத் தேடியெடுத்து ஆராய்ந்தார். களத்துமேட்டில் நெற்குவியலைப் பங்கிடும்போது தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், நாவிதன், காவற்காரன் ஆகியோருக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் எனப் பங்குகள் இருந்ததை அவை காட்டுகின்றன. கொல்லன் கொழு அடித்துத் தந்ததற்கு அன்றன்று கூலி பேச வேண்டியதில்லை. விளைச்சல் நன்றானால் அவன் பங்கும் பெருகும். ஏரி உடைந்தால் அவன் அடுப்பும் அணையும். ஆகவே ஏரியின் கவலை அவனுக்கும் உண்டு.

இதைப் படித்துவிட்டுப் 'பழைய கிராமமே பொற்காலம்' என்று எழுதுவோர் பலர். அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. உத்திரமேரூர் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். குடத்தில் பெயர் இட, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வயது 35 முதல் 70 வரை. பெண்களுக்கும், ஏரியில் இறங்கி மண் வெட்டிய உழைப்பாளிகளுக்கும் அதில் இடமே கிடையாது. மின்சாரம் இல்லாத வாழ்க்கை என்பது சிலருக்கு இயந்திரம் இல்லாத வாழ்க்கை. பலருக்கோ தாமே இயந்திரமாக இருந்த வாழ்க்கை. நாம் மேலே கணக்கிட்ட 75 வாட் யாருடைய தோளிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். தலைமுறைகளாக வயலில் உழைத்தவர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்ற நிலையை அது வெளிப்படுத்தியது. 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது அதுவே. ஏற்றத்தின் மேல் நடந்தவரின் பேரன் மோட்டார் விசையை அழுத்தியபோது பெருமூச்சு விட்டிருந்தால் அதில் குறை காண நமக்கு உரிமையில்லை.

அதே சமயம், ஊர் ஏற்பாடு குலைந்ததும் ஏரியும் நலிந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கரை உடையும் ஆபத்தில் ஆட்களைத் திரட்டவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்யத் தவறியோரிடம் பணம் வசூலிக்கவும் அது வகை செய்தது. வழக்கம் உயிரோடு இருந்தால் சட்டம் எதற்கு? பிறகு மின் மோட்டார் வந்தது. தன் நிலத்தில் தன் கிணறு இருப்பவருக்கு ஏரியின் கவலை குறைந்தது. ஏரி வற்றினால் சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்றும் குறையும் என்பதைப் பலர் கிணறு வறண்ட பிறகே உணர்ந்தார்கள். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர் உழைப்பாகவோ பணமாகவோ தரவேண்டும் என்பது அதன் விதி.

தூர் எடுத்த வண்டல் வீண்பொருளன்று. கோடையில் அதை மாட்டு வண்டியில் ஏற்றி வயலில் பரப்புவார்கள். களியும் மட்கும் கலந்த அம்மண் மணற்பாங்கான நிலத்தில் நீரைப் பிடித்துவைக்கும். உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே அதிகத் தொலைவில் இல்லாத வேடந்தாங்கலில் இன்னும் ஒரு படி மேல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீரே உரம் என்று கண்ட ஊரார், பறவைகளைச் சுடவிடாமல் காத்தனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களின் அந்த உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

அடுத்தமுறை உங்கள் ஊர் ஏரிக்கரையில் நடக்கும்போது கலங்கல் எங்கே இருக்கிறது, வழியும் நீர் எந்த ஏரிக்குப் போகிறது, மதகுகள் எத்தனை என்று பாருங்கள். மதகைத் திறந்து வயலுக்கு வயல் முறை வைக்கும் நீர்க்கட்டி யார் என்றும், அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்றும் விசாரியுங்கள். சில ஊர்களில் அது இன்னும் களத்துமேட்டில் நெல்லாகவே அளக்கப்படுகிறது.