ரப்பர் பால் ஏன் உறைகிறது? கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

மலாக்கா தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். மங்கில் சேரும் ரப்பர் பால் தண்ணீர் மாதிரி ஓடும். ஆசிட் கலந்தால் கட்டியாகிவிடும் என்பார்கள். இந்நாட்டில் வணிகத்துக்காக ரப்பர் முதலில் நடப்பட்டதும் மலாக்காவில்தான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் நட்டார்.

பாலுக்குள் என்ன நடக்கிறது?

தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள்தான் பால். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் அவை சும்மா இருக்காது. இதுதான் பிரௌனியன் இயக்கம். துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் ஒன்றையொன்று தள்ளிவிடும். அமிலம் அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிடும். உடனே துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் உறையும்.

எப்படி அளக்கிறார்கள்?

1908-இல் பிரான்சில் விக்டர் ஹென்றி, நுண்ணோக்கியில் சினிமா கேமராவைப் பொருத்தி ரப்பர் பால் துகள்களைப் படம் பிடித்தார். அமிலம் சேர்த்ததும் அசைவு குறைந்தது. ஆனால் அவருடைய அளவு, ஐன்ஸ்டைனின் 1905 சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. அதே காலத்தில் ஜான் பெரான் மரப்பிசின் துகள்களை அளந்து, சூத்திரம் சரி என்று காட்டினார். 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் வழி அதேதான். துகளின் பாதையைக் கணினி பின்தொடர்கிறது. ஒரு விநாடியில் 1 மைக்ரோமீட்டர் நகரும் துகள், 100 விநாடியில் சராசரியாக 10 மைக்ரோமீட்டர்தான் போயிருக்கும். திசை மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். நுண்ணோக்கிக்கும் தெரியாத துகள் என்றால் லேசர் ஒளி பாய்ச்சுவார்கள். சிதறும் ஒளி எவ்வளவு வேகமாக மினுங்குகிறதோ, துகளும் அவ்வளவு வேகம்.

ஜெல்லில் என்ன வித்தியாசம்?

வீட்டில் செய்யும் அகார் அகாரில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் ஓடாது. பாலிமர் எனும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உள்ளே வலை பின்னியிருக்கும். வலைக்கண்ணைவிடச் சிறிய துகள் சுலபமாக நழுவிப் போகும். பெரியது சிக்கி, இருந்த இடத்திலேயே துடிக்கும். ஆக, நம் கைக்குக் கெட்டியாகத் தெரிவது சிறு துகளுக்கும் கெட்டி என்று சொல்ல முடியாது.

நமக்கு என்ன பயன்?

நுரையீரல் சளியும் ஒரு ஜெல்தான். மூச்சில் இழுக்கும் மருந்துத் துகள் அதில் மாட்டிக்கொண்டால், சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. எந்த அளவுத் துகள் தாண்டிப் போகும் என்பதை இந்த அளவீடுதான் சொல்கிறது.